செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பட்டறை வேலையில் கை அடிபட்ட தொழிலாளர்களான நம் சங்கத்தின் நிர்வாகக் குழு இந்த ஆண்டு நான்கு முறை கூடியது. மே தினமும் ஆயுத பூஜையும் வழக்கம்போல் நடந்தன. இ.எஸ்.ஐ. ஊனத்தொகைக்கு மனு எழுதக் கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கைப்பயிற்சி பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கோவைப் பட்டறைகளில் பவர் பிரஸ்ஸிலும் லேத்திலும் விரலைப் பறிகொடுத்தவர்கள் நாம். தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். தைத்த தசைநார் ஓரளவு பிடிக்கவே ஆறு வாரம் ஆகும். பளு தூக்க மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் தையல் விட்டுப்போகும். பயந்து அசைக்காமலே வைத்திருந்தால் உள்ளே ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. நரம்போ நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்தால் விரல் நுனியில் உணர்வு வரப் பல மாதம். அத்தனை நாளும் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை வீட்டில் தனியாகச் செய்ய மனம் வராது. எனக்கும் வரவில்லை. அதனால்தான் சங்க அறையில் மேசை போட்டு, ஒரு பேசின் அரிசி, துணிக் கிளிப்புகள், பல அளவில் போல்ட் நட்டு எல்லாம் வாங்கி வைத்தேன்.

பிரஸ் ஆபரேட்டர் தம்பி ஒருவர் ஜூனில் வந்தபோது அரிசிக்குள் விரலை விடவே கூசினார். நவம்பரில் கண்ணை மூடிக்கொண்டு 8 எம்எம் போல்ட்டில் நட்டை ஏற்றினார். சட்டைப் பொத்தானையும் அன்று அவரே போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ஆரம்பத்தில் பதினெட்டுப் பேர் வந்தார்கள், டிசம்பரில் ஐந்து பேர். ஓவர்டைம், ஊர்த் திருவிழா, எல்லாம் சரி. ஆனால் விரல் விறைத்துப்போன பிறகு வந்து "ஏதாச்சும் பண்ணுங்கண்ணா" என்றால் நான் என்ன செய்ய? சந்தாவும் பாதிப் பேர் கட்டவில்லை. இரண்டு மாத வாடகையை நானே கொடுத்தேன்.

வரவு செலவுக் கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது. சிறிது பற்றாக்குறை. ஒத்துழைத்த நிர்வாகிகளுக்கும் டீ கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பட்டறைதோறும் ஒரு அட்டை ஒட்ட ஆசை. அதில் எழுத வேண்டியது இதுதான்: துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து உடனே கொண்டு போக வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. அச்சடிக்கப் பணம் வேண்டும், ஒட்ட ஆள் வேண்டும்.

பயிற்சி ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே அறையைத் திறந்து வைத்திருப்பேன்.

செயலாளர்