ஷவர் 4

அன்புள்ள கோமதி,

எட்டு மாதம் ஆகிவிட்டது, தெரியும். திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பேரன் நடக்கிறான். மருமகன் மாறவில்லை, இன்னும் ஒரு வார்த்தை பேச ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். உனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சாந்தா சொன்னாள். அதனால்தான் இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். 2006இல் உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து நான் அழுதேனே, நினைவிருக்கிறதா? அந்தப் பியானோ எங்கே கேட்டது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

பொறு, முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

மகள் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் விமானம் மாற ஏழு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இவர் ரிடையர் ஆன பிறகு எங்கே பறக்கிறார்? பறந்து பறந்து சேர்த்த பழைய மைல்ஸ் புள்ளி எல்லாம் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது, அதுவும் காலாவதியாகப் போகிறது என்று மெயில் வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் ஓர் ஆளை பிசினஸ் கிளாஸுக்கு உயர்த்தத்தான் போதும். "உன் முழங்காலுக்கு ஆகும்" என்று என் பெயரில் போட்டுவிட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். ரொம்ப அழுத்திச் சொல்லவில்லை, உன்னிடம் என்ன மறைக்க.

இறங்கியதும் நேராக, சலுகை உள்ள பயணிகள் மட்டும் காத்திருக்கும் லவுஞ்சின் வாசலுக்குக் கூட்டிப்போனார், ஏதோ தன் மாமியார் வீடு மாதிரி. அங்கே இருந்த பெண் என் போர்டிங் பாஸை வைத்தாள், பச்சை விளக்கு. அவருடையதை வைத்தாள், சிவப்பு. அவள் சிரித்தபடியே ஏதோ சொன்னாள். இவரும் சிரித்தபடியே தலையாட்டினார். எனக்குத்தான் முகம் சுட்டது.

விதி இப்படியாம். முன்பு இவரிடம், அடிக்கடி பறக்கிறவர்களுக்குத் தரும் கோல்டு கார்டு இருந்தபோது எகானமி டிக்கெட்டில் பறந்தாலும் உள்ளே விடுவார்கள், கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, டிக்கெட் உள்ளவர் மட்டும்தான். அதாவது கார்டு இருந்த காலத்தில் நான் கூட இல்லை. நான் கூட இருக்கும்போது கார்டு இல்லை.

உனக்குத்தான் தெரியுமே, அவரால் வகுப்பெடுக்காமல் இருக்க முடியாது. அந்த வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். உலகத்தின் முதல் லவுஞ்ச் 1939இல் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப்பாம். ஆரம்பத்தில் அழைப்பு இருந்தால்தான் உள்ளே போக முடியுமாம். அப்புறம் 1997இல் ஸ்டார் அலையன்ஸ், 1999இல் ஒன்வேர்ல்டு, 2000இல் ஸ்கைடீம் என்று விமான நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்தபோதுதான், ஒரு நிறுவனத்தின் கார்டை வைத்து இன்னொரு நிறுவனத்தின் லவுஞ்சில் நுழையும் வசதி பரவியதாம். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. "சார், உள்ளே விடவே மாட்டேன் என்கிறார்கள், இந்த வரலாறு இப்போது எதற்கு?" என்றேன். கிரெடிட் கார்டு காட்டினால் விடுகிற வேறொரு லவுஞ்ச் மேல் மாடியில் இருக்கிறது, அங்கே பார்க்கிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அங்கேயும் "இடமில்லை" என்று பலகை வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் உள்ளே போனேன். அரண்மனையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன் கோமதி. ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கூடம், அவ்வளவுதான். கைவைத்த நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு, போனுக்குச் சார்ஜ் போட ஒரு துளை. நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டிருக்கிறார்கள், யார் முகமும் யாருக்கும் தெரியாதபடி. சூப், ரொட்டி, பழம், காபி மெஷின் எல்லாம் இருந்தது. ஒரு மணிக்குக் கால் வைக்க இடமில்லை, மூன்று மணிக்குக் கூடமே காலி. இப்படிப்பட்ட ஊர்களில் விமானங்களைக் கூட்டமாக இறக்கி, கொஞ்ச நேரத்தில் கூட்டமாகவே ஏற்றி அனுப்புகிறார்கள், ஒன்றிலிருந்து இறங்குகிறவன் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும் இல்லையா? அதனால் லவுஞ்சிலும் அலை அலையாகத்தான் கூட்டம் வரும்.

அந்த மூன்று மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. சத்தமே இல்லை. வெளியே நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்த "கடைசி அழைப்பு" எதுவும் அங்கே கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் போய் என் விமானத்தை எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். இங்கே அறிவிப்பு கிடையாது, பலகையைப் பார்த்து நீங்களாகவே கிளம்ப வேண்டும் என்றாள். நிறைய லவுஞ்சுகளில் இதுதான் வழக்கமாம். திரும்பி வந்து உட்கார்ந்தேன். யாரோ ஒரு கோப்பையில் கரண்டி போட்டுக் கலக்கும் சத்தம். அப்புறம் மேலே, கூரையிலிருந்து, மெதுவாகப் பியானோ.

சிரிக்காதே டி. எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது.

ராத்திரி நேரத்தில் போன் பண்ணி "ஏர்போர்ட்டில் இருக்கிறேன்" என்பாரே, அவ்வளவுதானே சொல்வார்? அவருக்கு அதற்குமேல் விளக்கம் சொல்லி வழக்கமில்லை. அப்போது நான் அறிந்த ஏர்போர்ட் எது? வழியனுப்பவும் அழைத்துவரவும் போய் நின்ற வாசல்தான். ஒரே இரைச்சல், தள்ளுவண்டி, அழுகிற குழந்தைகள். அவருடைய போனிலோ அறிவிப்பு இல்லை, கூட்டம் இல்லை, பியானோவும் கரண்டிச் சத்தமும் மட்டும். ஏர்போர்ட்டில் ஏது பியானோ என்று உன்னிடம்தான் கேட்டேன். "அது ஹோட்டல் டி, சந்தேகமே இல்லை" என்று தீர்ப்புச் சொன்னது யார், சிஐடி கோமதி? கோட்டுப் பையைத் துழாவச் சொன்னதும் நீதான். கூடவே நின்று துழாவியதும் நீதான்.

கிடைத்தது நினைவிருக்கிறதா? ஒரு சின்னச் சீப்பு, மடித்த பல்துலக்கி, "ஷவர் 4" என்று அச்சடித்த துண்டுச் சீட்டு, அதில் கையால் எழுதிய ஒரு நேரம். ராத்திரி 2:40. நாம் அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஆராய்ச்சி செய்தோம்!

சரி, மிச்சத்தையும் கேள். உடம்பெல்லாம் வறண்டு போயிருந்தது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடுமாம், உதடு வெடித்து, கண் எரிந்து, நான் கருவாடு மாதிரி இருந்தேன். குளிக்க முடியுமா என்று அதே பெண்ணிடம் கேட்டேன். பெயரை எழுதிக்கொண்டாள், இருபது நிமிடம் காத்திருக்கச் சொன்னாள். அப்புறம் கூப்பிட்டு ஒரு துண்டும் ஒரு சின்னப் பொட்டலமும் ஒரு சீட்டும் கொடுத்தாள். பொட்டலத்தில் சீப்பு, பல்துலக்கி. சீட்டில் "ஷவர் 2". எண் மட்டும்தான் வேறு. நேரத்தைக் கையால் எழுதியிருந்தாள்.

எப்படிக் கதவைப் பூட்டினேன், எப்படிக் குழாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை. தண்ணீர் கூரையிலிருந்து மழை மாதிரி விழுந்தது. அதற்குக் கீழே நின்று முதலில் சிரித்தேன். அப்புறம் அழுதேன். உலகத்திலேயே குளியலறை மட்டும்தான் ஒழுங்கான லவுஞ்ச் என்று எனக்குத் தோன்றுகிறது, உள்ளே யாரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

2008இல் "ஒரு தடவை கூட வாயேன், கார்டு இருக்கிறது, உன்னையும் உள்ளே கூட்டிப்போகலாம்" என்று அவர் கெஞ்சினார். உன்னிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை. "உங்கள் ஊர் சுற்றலில் எனக்கென்ன வேலை?" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அந்த இரண்டு மூன்று வருடம் அவரிடம் நான் எப்படிப் பேசினேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஏன் அப்படிப் பேசினேன் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஒரே ஒரு கேள்வி, "அந்தச் சத்தம் என்ன?" அதைக் கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் லவுஞ்சின் வரலாற்றை 1939லிருந்து ஆரம்பித்திருப்பார்!

உள்ளே இருந்தவர்களையும் பார்த்தேன். டை கட்டிய ஒருவர் ஷூக்களைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வாயைப் பிளந்து தூங்கினார். ஒரு பெண் தலையைக் குனிந்து போனில் கிசுகிசுத்தாள், மொழி புரியவில்லை, ஆனால் "சாப்பிட்டாயா, எழுதி முடித்தாயா" என்கிற அந்த ராகம் எந்த மொழியிலும் தெரியுமே. இதைத்தான் நான் பதினைந்து வருடம் சொகுசு என்று நினைத்துப் பொருமினேன்.

கிளம்பும்போது ஓர் ஆப்பிளைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டேன். ஆமாம், விடுதிப் பழக்கம். நம் வார்டன் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

சொன்ன இடத்தில் அவர் இல்லை. மொத்த நடைபாதையையும் தேடி, கடைசியில் கண்ணாடிச் சுவர் ஓரமாகப் பிடித்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் பையன். விமானத்துக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது, அதனால்தான் அந்தக் குட்டை வண்டி அதைப் பின்னால் தள்ளுகிறது என்று ஆங்கிலத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பையன் வாயைப் பிளந்து கேட்கிறான். பதினைந்து வருடம் அந்த ஜன்னலில்லாத கூடங்களில் உட்கார்ந்திருந்தவர், இரும்பு நாற்காலியில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

ஆப்பிளைக் கொடுத்தேன். கடித்துக்கொண்டே "உள்ளே எப்படி?" என்றார்.

"பியானோ போடுகிறார்கள்" என்றேன்.

"இன்னுமா? எந்த ஊர் போனாலும் அதே மாதிரிதான் வாசிப்பான். பைத்தியம் பிடித்துவிடும். அதனால்தான் உனக்குப் போன் பண்ணுவேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா? இருபது வருடம் கழித்துச் சொன்னால் சிரிப்பாரா, உள்ளே ஏதாவது உடையுமா? நேற்று ராத்திரி இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன். நீ உடனே எழுது, ஆனால் தபாலில் எழுது. போனில் வேண்டாம், அவர்தான் எடுப்பார்.

அடுத்த மாதம் சாந்தா வீட்டு விசேஷத்துக்கு இரண்டு பேரும் வருகிறோம். அவர் எதிரில் பியானோ என்ற பேச்சையே எடுக்காதே, உன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், அந்தப் பழைய சீட்டு உன்னிடம்தானே இருக்கிறது? ஆதாரம் என்று உன் நகைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாயே. தேடி எடுத்து வை. வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
பத்மா