சந்தா முடிந்தாலும் அந்தச் சிவப்புப் பொத்தான் வேலை செய்ய வேண்டும்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்துக்கும், தொலைத்தொடர்புத் துறைக்கும், இந்தியாவில் கார் விற்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

நான் பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கார்களுக்குள் பொருத்தும் தகவல்தொடர்புப் பெட்டிகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் பதினோரு வருடமாக என் தொழில். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது தொழில் இல்லை, என் அண்ணன்.

போன வருடம் மே மாதம் அண்ணன் கே.ஆர்.புரத்திலிருந்து சேலத்துக்குத் தனியாகக் கிளம்பினார். அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று இரவு ஒரு மணிக்கே வண்டியை எடுத்துவிட்டார். அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் தாண்டியாயிற்று. காவேரிப்பட்டணத்துக்குக் கொஞ்சம் முன்னால், பின்விளக்கு எரியாமல் ஓரமாக நின்ற ஒரு லாரியைக் கடைசி நொடியில் பார்த்து ஸ்டீயரிங்கை ஒடித்திருக்கிறார். லாரியின் மூலையில் இடித்த கார், சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. ஏர்பேக் விரிந்தது. ஸ்டாண்டில் மாட்டியிருந்த போன் தெறித்து உடைந்தது. வலது கால் டாஷ்போர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

தலைக்கு மேலே, விளக்குக்குப் பக்கத்தில், ஆபத்தில் உதவிக்கு அழைக்க எஸ்ஓஎஸ் என்று எழுதிய சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினார். திரையில் ஒரு செய்தி வந்தது: உங்கள் சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்க மொபைலில் செயலியைத் திறக்கவும். அந்த மொபைல்தான் இருட்டில் எங்கோ உடைந்து கிடந்தது. மூன்று முறை அழுத்தியிருக்கிறார். மூன்று முறையும் அதே செய்தி.

சாலையில் போகிறவர்களுக்கு அந்தப் பள்ளம் தெரியாது. கிருஷ்ணகிரி மண்டிக்கு மாம்பழ லோடு ஏற்றி வந்த மினிவேன் டிரைவர் ஒருவர், எதற்கோ வண்டியை ஓரம் கட்டியபோது சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்திருக்கிறார். அப்போது மணி நாலேகால். விபத்து நடந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர்தான் 108-க்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் வந்ததும் லோடு தாமதமாகிறது என்று கிளம்பிவிட்டார். அவர் பெயர்கூட இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் காலை இன்னும் முழுதாக ஊன்ற முடியவில்லை. நிறைய ரத்தம் போய்விட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அண்ணி இப்போதும் நினைத்து நினைத்துப் பேசுகிறார்.

இரண்டு வாரம் கழித்து, கார் நின்றிருந்த ஒர்க்ஷாப்புக்குப் போய் என் லேப்டாப்பை அதிலிருந்த தகவல்தொடர்புப் பெட்டியோடு இணைத்துப் பார்த்தேன். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மோதல் நடந்ததை உணர்ந்திருக்கிறது. ஜிபிஎஸ் இடத்தைச் சரியாகக் குறித்து வைத்திருக்கிறது. மூன்று செல்போன் நிறுவனங்களின் டவர் சிக்னலும் நன்றாகவே கிடைத்திருக்கிறது. மெயின் பேட்டரி போனாலும் உள்ளே தனி பேட்டரி இருக்கிறது. எல்லாம் தயாராக இருந்தும் பெட்டி அழைக்கவில்லை. சந்தா இருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் 'இல்லை' என்று இருந்ததால், அழைப்பை அங்கேயே நிறுத்திவிட்டது.

அது செகண்ட் ஹேண்ட் கார். முதலில் வாங்கியவருக்குக் கொடுத்த மூன்று வருட இலவசச் சந்தா எப்போதோ முடிந்திருந்தது. அண்ணனிடம் அதை யாரும் சொல்லவில்லை. பொத்தான் இருக்கிறது, அதற்குள் விளக்கும் எரிகிறது. வேலை செய்யும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சந்தா இல்லாத நிலையில் பொத்தானை அழுத்தினால் அழைப்பு போகக் கூடாது, செய்தி மட்டும் வர வேண்டும் என்ற சோதனையை நானே வேறொரு வாடிக்கையாளருக்காகச் செய்திருக்கிறேன். செய்தி சரியாக வந்தது. 'பாஸ்' என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன். உள்ளே யார் உட்கார்ந்து அழுத்துகிறார்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

இதைத் தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல், புதிதாக அனுமதி பெறும் கார், வேன் மாடல்கள் எல்லாவற்றிலும் இ-கால் என்ற ஏற்பாடு கட்டாயம். அதற்குச் சந்தா என்ற பேச்சே கிடையாது. காருக்குள் இருக்கும் சிம் சாதாரண நாட்களில் தூங்கிக்கொண்டே இருக்கும். எந்த டவரிலும் பதிவு செய்யாது, அதனால் வண்டி எங்கே போகிறது என்று யாரும் பின்தொடரவும் முடியாது. ஏர்பேக் விரிந்தாலோ, யாராவது பொத்தானை அழுத்தினாலோ அந்த நொடியில் எழுந்து, கிடைக்கிற டவரைப் பிடித்து, அங்கே அவசர உதவி எண்ணான 112-க்கு அழைக்கும். இடம், போய்க்கொண்டிருந்த திசை, நேரம், வண்டியின் அடையாள எண், பெட்ரோலா டீசலா, எத்தனை பேர் சீட் பெல்ட் போட்டிருந்தார்கள் என்ற விவரங்கள் வெறும் 140 பைட்டுக்குள் போய்விடும். இதற்கு டேட்டா பேக்கும் தேவையில்லை. பழைய ஃபேக்ஸ் மெஷின் போல, விவரத்தை ஒலியாக மாற்றிப் பேச்சு அழைப்பின் வழியாகவே அனுப்புகிறார்கள். அப்புறம் அதே அழைப்பில் கட்டுப்பாட்டு அறை ஆள் காரில் இருப்பவரோடு பேசலாம். லைன் துண்டித்துப் போனால் அவர்கள் திருப்பி அழைப்பதற்காகக் குறைந்தது ஒரு மணி நேரம் அந்த சிம் விழித்திருக்கும்.

உதவி வந்து சேரும் நேரம் இதனால் நகரத்தில் 40 சதவீதமும் கிராமப்புறத்தில் 50 சதவீதமும் குறையும் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு. நம் ஊரில் டிராஃபிக்கும் ஆம்புலன்ஸ் எண்ணிக்கையும் வேறு, அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று அமைச்சகத்தின் அறிக்கையே சொல்கிறது. அதில் 61,000-க்கும் மேற்பட்டவர்கள் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். அதில் ஒரு சின்னப் பங்கு குறைந்தாலே எத்தனை குடும்பம்!

சட்டம் எழுதிய உங்களுக்கு அந்த முதல் ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, காயம்பட்ட முதல் ஒரு மணி நேரத்துக்கு 'கோல்டன் ஹவர்' என்று சட்டத்திலேயே விளக்கம் கொடுத்தீர்கள். 2025 மே மாதம், விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை என்ற திட்டத்தையும் அறிவித்தீர்கள். நல்ல திட்டம், மனதார நன்றி. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால்தானே சிகிச்சை? பள்ளத்துக்குள் கிடப்பவர் அங்கே கிடக்கிறார் என்று முதலில் யாருக்காவது தெரிய வேண்டும்.

இதற்கான கொள்கையும் நம்மிடம் புதிதில்லை. நம் நாட்டுக்கும் ஒரே அவசர எண்ணாக 112 வேண்டும் என்று 2015 ஏப்ரலில் பரிந்துரை கொடுத்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வெளியழைப்பு தடுக்கப்பட்ட போனிலிருந்தும், தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்ட இணைப்பிலிருந்தும் 112-ஐ அழைக்க விட வேண்டும் என்று சொன்னது. பில் கட்டாதவனுக்கும் உயிர் உண்டு என்பதைப் பத்து வருடத்துக்கு முன்பே புரிந்துகொண்டிருக்கிறோம். கைப்பேசிக்குப் பொருந்தும் இந்த நியாயம், காருக்குள் இருக்கும் சிம்முக்கு ஏன் பொருந்தாது? இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே மாதிரி மோடம்தான்.

மஞ்சள் போர்டு வண்டிகளுக்காவது ஒரு விதி இருக்கிறது. டாக்ஸி, பஸ் போன்ற புதிய பொது வாகனங்களில் ஏஐஎஸ் 140 என்ற இந்திய வாகனத் தரப்படி இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் 2019 ஜனவரி முதல் கட்டாயம். ஆனால் அந்தக் கருவியின் சிம்மையும் ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும். கலாசிபாளையத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டேன். "எஃப்சி (தகுதிச் சான்று) வரும்போது பணம் கட்டிப் புதுப்பிப்போம், நடுவில் யார் சார் பார்க்கிறார்கள்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். டீசல், டோல், பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் கட்டியபின் கையில் என்ன நிற்கும் என்று எனக்குத் தெரியும். பின் சீட்டில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தும் பெண்ணுக்கு, உரிமையாளர் ரீசார்ஜ் செய்தாரா இல்லையா என்று எப்படித் தெரியும்?

சந்தாவை முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சம்பவம். 2023 பிப்ரவரியில் இல்லினாய் மாநிலத்தில், இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு ஃபோக்ஸ்வாகன் காரைக் கடத்திக்கொண்டு போனார்கள். கார் எங்கே இருக்கிறது என்று போலீஸ் கேட்டபோது, இலவசக் காலம் முடிந்துவிட்டது, 150 டாலர் கட்டினால்தான் சேவையைத் திறப்போம் என்று சேவை மையத்தில் பதில் வந்தது. நல்லவேளை, குழந்தை பத்திரமாகக் கிடைத்தது. நடைமுறை மீறப்பட்டுவிட்டது என்று நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. நம் ஊரில் அப்படி ஒன்று நடந்து, அதன் பிறகு சுற்றறிக்கை வர வேண்டுமா?

பொய் அழைப்புகள் குவிந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஜெர்மனியில் சிம் இல்லாத போன்களிலிருந்து விளையாட்டுக்காக அழைத்து அழைத்தே, 2009-இல் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். ஆனால் நான் கேட்பது சிம் இல்லாத அழைப்பு இல்லை. காரில் சிம் இருக்கிறது, அதற்கு எண் இருக்கிறது, அந்த எண் எந்த வண்டிக்கு உரியது என்ற பதிவும் இருக்கிறது. விளையாட்டுக்கு அழுத்தினால் யார் வண்டி என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏர்பேக் விரிந்து தானாகப் போகும் அழைப்பில் விளையாட்டுக்கு இடமே இல்லை.

செலவு என்கிறீர்களா? பெட்டி, ஆன்டெனா, மைக், பொத்தான் எல்லாவற்றுக்கும் கார் வாங்கும்போதே பணம் கொடுத்தாயிற்று. ஓடுகிற வரை ஒருமுறைகூட அழைக்காத கார்கள்தான் பெரும்பாலும் இருக்கும்.

நெட்வொர்க் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி 3ஜியை நிறுத்தியபோது, 3ஜியை மட்டும் நம்பியிருந்த கார்களின் விபத்து அழைப்பு வசதி ஒரே நாளில் செத்துப்போனது. ஐரோப்பாவின் இ-கால் ஏற்பாடும் 2ஜி, 3ஜியை நம்பித் தொடங்கியதுதான், இப்போது 4ஜி, 5ஜிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாம் தாமதமாகத் தொடங்குவதில் உள்ள ஒரே லாபம், முதலிலேயே 4ஜி வழியாகப் போகும்படி தரத்தை எழுதிவிடலாம் என்பது. டவரே இல்லாத திம்பம் மலைப்பாதை போன்ற இடங்கள் வேறு பிரச்சினை, அதை இதோடு கலக்கவில்லை.

ஆகவே அமைச்சகத்திடமும் தொலைத்தொடர்புத் துறையிடமும் கேட்கிறேன். காருக்குள் வரும் ஒவ்வொரு இ-சிம்மிலும் அவசரத்துக்கு மட்டுமான ஓர் இணைப்பு, வண்டியின் ஆயுள் முழுதும் இருக்க வேண்டும். பாட்டு, மேப், ஏசியைத் தூரத்திலிருந்து போடுவது இதற்கெல்லாம் சந்தா வாங்கட்டும், முடிந்தால் நிறுத்தட்டும். அந்த அவசர இணைப்பில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. சிம் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், அவசர நேரத்தில் கிடைக்கிற டவர் எதுவோ அது ஏற்றுக்கொள்ள வேண்டும். அழைப்பு கார் நிறுவனத்தின் கால் சென்டருக்குப் போய்ச் சுற்றாமல் நேராக 112-க்குப் போக வேண்டும். அத்திப்பள்ளி எல்லையில் கர்நாடக டவர் பிடித்து, விபத்து தமிழ்நாட்டுப் பக்கம் நடந்திருந்தால், இரண்டு மாநிலக் கட்டுப்பாட்டு அறைகளும் அந்த விவரத்தை உடனே கைமாற்றிக்கொள்ள வேண்டும். தமிழா கன்னடமா என்று குழம்பும் நேரத்தில், இடம் எழுத்தாகத் திரையில் வந்து நிற்பது எவ்வளவு பெரிய உதவி!

கார் நிறுவனங்களே, நீங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஏற்கெனவே சாலையில் ஓடும் பல கார்களுக்கு மென்பொருளைக் காற்றிலேயே, அதாவது ஒர்க்ஷாப்புக்கு வராமல் நெட்வொர்க் வழியாகவே, மாற்ற முடியும் என்று எனக்குத் தெரியும், அதைச் சோதிப்பதும் என் வேலைதான். செல்போன் நிறுவனங்களோடு பேசி இதற்கு வழி செய்யுங்கள். அதற்கு நாளாகும் என்றால், சந்தா முடிந்த வண்டியில் அந்தப் பொத்தானின் விளக்கையாவது அணைத்து வையுங்கள். கார் கை மாறும்போது புது உரிமையாளருக்குத் தமிழிலோ கன்னடத்திலோ இந்தியிலோ ஒரு வரி சொல்லுங்கள்.

அண்ணனின் காரை விற்கவில்லை, சரிசெய்து வைத்திருக்கிறோம். தரம் எழுதும் குழு அமைத்தாலோ, ஓசூர் சாலையில் ஓட்டிப் பார்க்க வண்டி வேண்டுமென்றாலோ அந்தக் காரைத் தருகிறேன். சந்தாவை வேண்டுமென்றே புதுப்பிக்காமல் கொண்டுவருகிறேன். எந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வருகிறேன். பொத்தானை அண்ணனே அழுத்திப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாகனத் தகவல்தொடர்புப் பெட்டிகளைச் சோதிக்கும் ஒரு தொழிலாளி,
அல்சூர், பெங்களூரு