யாழினிக்கு: ஆச்சி வீட்டுக் கோழியைப் பற்றி

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய ஆறு விநாடிக் கோழியை நேற்று ராத்திரியிலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கறுப்புச் சார்ட்டில் வெட்டி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அப்பாவின் போனில் ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்திருக்கிறாய். மூன்றாவது விநாடியில் அது நடையை நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் லேசாகச் சாய்க்கிறது, ஏதோ சத்தம் கேட்ட மாதிரி. அந்த இடத்தில் ஆச்சி வீட்டுப் புறவாசலே எனக்குக் கண்ணுக்குள் வந்துவிட்டது.

ஆனால் அதற்குக் கீழே நீ எழுதியிருந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. "இது சும்மா விளையாட்டு அத்தை. லேப்டாப் வாங்கின பிறகுதான் நிஜ அனிமேஷன் பண்ணணும்." அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் போடலாமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன், சரி என்றான். லேப்டாப்புக்காகக் காத்திருக்கிற வேறு பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும்.

லோட்டே ராய்னிகர் என்று ஒருவர் இருந்தார், உன்னை மாதிரியே கறுப்புக் காகிதத்தை வெட்டி அனிமேஷன் எடுத்தவர். 1899இல் பெர்லினில் பிறந்தவர். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த வயதிலிருந்தே காகிதத்தில் நிழலுருவம் வெட்டியவர். பள்ளி வயதில் சினிமாப் பைத்தியம் பிடித்தது. பால் வெகனர் என்ற நடிகர் சினிமாவில் செய்யக்கூடிய மாயங்களைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு, அவர் இருக்கிற இடத்துக்கே போயாக வேண்டும் என்று நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். பெரிய வேடம் எதுவும் கிடைக்கவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, நடித்துக்கொண்டிருந்தவர்களைக் கறுப்புக் காகிதத்தில் வெட்டிக்கொண்டே இருந்தார். அப்படித்தான் வெகனரின் கண்ணில் பட்டார்.

1918இல் வெகனர் ஹாமலின் ஊர்க் குழல்காரன் கதையைப் படமாக்கினார். குழலோசைக்குப் பின்னால் எலிகள் கூட்டமாக ஓட வேண்டும். நிஜ எலிகளைக் கொண்டுவந்தார்கள், அவை சொன்னபடி கேட்கவில்லை. கினிப் பன்றிகளுக்கு வால் ஒட்டிப் பார்த்தார்கள், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் மர எலிகள் செய்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால் நகர்த்தி எடுத்தார்கள். அந்த எலிகளை நகர்த்தியவர்களில் லோட்டேயும் ஒருவர். 19 வயது. உயிரில்லாத மரக்கட்டை திரையில் ஓடுகிறது, ஓட வைத்தது தன் கை என்று தெரிந்த அந்த நிமிஷம் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். உன் கோழி முதல் தடவை நகர்ந்தபோது நீ எப்படி இருந்தாய் என்று எழுது.

அடுத்த வருஷமே தன் முதல் நிழலுருவ அனிமேஷன் படத்தை எடுத்துவிட்டார். அப்புறம் 1923. ஜெர்மனியில் காலையில் வாங்கிய சம்பளம் சாயங்காலம் செல்லாக்காசு ஆகிற காலம். லூயிஸ் ஹாகன் என்ற வங்கியாளர் பணத்தின் மதிப்பு கரைந்துவிடும் என்று பயந்து, அதைக் கச்சா ஃபிலிமாக, அதாவது இன்னும் படம் பிடிக்காத ஃபிலிம் சுருளாக, வாங்கி வைத்திருந்தார். அதை வைத்து முழுநீளப் படம் ஒன்று எடுக்கிறாயா என்று லோட்டேயிடம் கேட்டார். போட்ஸ்டாமில் தன் கார் கொட்டகைக்கு மேலே இருந்த பரணை ஸ்டுடியோவாகக் கொடுத்தார்.

அந்தப் பரணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூரை தாழ்வு. கேமரா மேலேயிருந்து நேர் கீழே பார்க்க வேண்டும், அதற்கு உயரம் போதவில்லை. அதனால் கண்ணாடிப் பலகையைத் தரையை ஒட்டி வைத்துவிட்டார்கள். அதற்கும் கீழே விளக்குகள். லோட்டே ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய இருக்கையின் மேல் முழங்காலிட்டு, குனிந்தபடி உருவங்களை நகர்த்தினார். திரையில் ஒரு நிமிடம் ஓட ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வேண்டும். கிட்டத்தட்ட 65 நிமிடப் படம். மூன்று வருஷம். கணவர் கார்ல் கோக் கேமராவைப் பார்த்துக்கொண்டார். கடல் அலை, புயல் போன்றவற்றுக்குப் பெர்தோல்ட் பார்டோஷ். மந்திரம், புகை, நெருப்பு எல்லாம் வால்டர் ருட்மன். இரண்டு மூன்று உதவியாளர்கள். ஒரு அறையில் அடங்கிவிடுகிற கூட்டம்தான்.

1926 மே மாதம் பெர்லினில் திரையிட்டார்கள். 'இளவரசன் அஹ்மதின் சாகசங்கள்.' ஆயிரத்தொரு இரவுக் கதைகளிலிருந்து எடுத்துக் கட்டிய கதை. லோட்டேவுக்கு அப்போது 27 வயது முடியவில்லை. டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் வர இன்னும் 11 வருஷம் இருந்தது. இதற்கும் முன்பே, 1917இல், அர்ஜென்டினாவில் கிரீனோ கிறிஸ்தியானி ஒரு முழுநீள அனிமேஷன் படம் எடுத்திருந்தார். அது தீயில் போய்விட்டது. இன்று நாம் பார்க்கக் கிடைப்பவற்றில் மிகப் பழைய முழுநீள அனிமேஷன் படம் லோட்டேயுடையதுதான். அதுவும் அருந்தப்பில் பிழைத்தது. படத்தின் ஜெர்மன் பிரதி எதுவும் மிஞ்சவில்லை. லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த வண்ணமேற்றிய ஒரு பிரதியை வைத்துத்தான் 1990களின் கடைசியில் மீட்டெடுத்தார்கள்.

இதையெல்லாம் நான் எங்கே தெரிந்துகொண்டேன் என்று கேட்பாய். சென்னையில் நான் ஒரு ஸ்டுடியோவில் இன்-பிட்வீனராக இருந்தது உனக்குத் தெரியும். வெளிநாட்டு கார்ட்டூன் தொடர்கள் வரும். கீ டிராயிங், அதாவது ஓர் அசைவின் முக்கியமான நிலைகளைக் காட்டுகிற படங்கள், எல்லாம் வேறு எங்கேயோ வரைந்து வரும், இரண்டு கீக்கும் நடுவில் வருகிற படங்களைப் போடுவது எங்கள் வேலை. கீழிருந்து வெளிச்சம் வருகிற லைட் பாக்ஸில், தாள் நகராமல் பிடிக்கிற பெக் பாரை மாட்டி, இரண்டு தாளையும் விரலிடுக்கில் வைத்துப் புரட்டிப் புரட்டி, நடுக்கோடு எங்கே வரும் என்று பார்ப்போம். ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. அந்த அவசரத்தில், வரைகிற பாத்திரம் என்ன நினைக்கிறது என்று யோசிக்க நேரமே இருக்காது. ஒரு மதிய இடைவேளையில் மூத்த ஆர்ட்டிஸ்ட் ஒருவர் அஹ்மத் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பார்த்தேன்.

இளவரசனை மந்திரக் குதிரையில் ஏற்றி அனுப்புகிறார்கள். மேலே போகத் தெரியும், இறங்கத் தெரியாது. குதிரை ஏறிக்கொண்டே போகிறது. அவனுக்குக் கண் கிடையாது, வாய் கிடையாது, வெறும் கறுப்பு உருவம். ஆனால் முதுகு பின்னால் வளைகிற விதத்திலும், கழுத்தைப் பிடித்திருக்கிற கையிலும் அவன் பயம் தெரிகிறது. ஒரு வருஷமாக நான் முகத்தில் புருவமும் வாயும் வரைந்துகொண்டிருந்தேன். முகமே இல்லாத ஒருவன் இப்படிப் பயப்படுகிறானே என்று எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் ஊர்த் தோல்பாவையில் தோலுக்குள்ளேயே வெளிச்சம் புகுந்து வரும், சிவப்பும் பச்சையும் மின்னும், உடம்பில் போட்ட துளை ஒவ்வொன்றும் நகையாகத் தெரியும். லோட்டே எடுத்துக்கொண்டது முழுக்கறுப்பு. உள்ளே ஒன்றும் தெரியாது. அதனால் ஓரம்தான் எல்லாவற்றையும் பேச வேண்டும். அவர் வெட்டுகிற படங்களைத் தேடிப் பார். வலது கையில் கத்தரி ஏறக்குறைய அசையாமல் இருக்கும். இடது கை காகிதத்தைத் திருப்பித் திருப்பிக் கத்தரிக்குள் ஊட்டும். அதனால்தான் அந்த வளைவுகளில் தயக்கமே இல்லை. வெட்டிய அட்டைத் துண்டுகளோடு மெல்லிய ஈயத் தகடும் சேர்ப்பார், உருவம் கண்ணாடியில் படிந்து கிடக்க. மூட்டுகளைக் கம்பியால் கட்டுவார். கிட்டக் காட்சிக்கு அதே ஆளைப் பெரிய அளவில் தனியாக வெட்டுவார். பின்னணியை அடுக்கடுக்கான கண்ணாடிகளில் வைத்து ஆழம் கொண்டுவந்தார். டிஸ்னி ஸ்டுடியோவில் பல அடுக்குக் கேமரா வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து.

அந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. ஆப்பிரிக்க மந்திரவாதியை வெட்டியிருக்கிற விதம் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஐரோப்பா கிழக்கை எப்படிக் கற்பனை செய்துகொண்டது என்பதும் அந்தப் படத்தில் இருக்கிறது. நீயும் அதைப் பார்த்துக்கொண்டேதான் மற்றதை ரசிக்க வேண்டும்.

ருட்மன் பற்றி ஒன்று. அவர் அரூப வடிவங்களை வைத்துப் படம் செய்தவர், புதுமையில் ஊறியவர். இந்தத் தேவதைக் கதைக்கும் 1923ஆம் வருஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று லோட்டேயிடமே கேட்டிருக்கிறார். ஒரு சம்பந்தமும் இல்லை, நான் இப்போது உயிரோடு இருக்கிறேன், செய்ய வாய்ப்புக் கிடைத்திருக்கிறது, செய்கிறேன் என்கிற மாதிரி லோட்டே பதில் சொன்னாராம். இந்தக் காலத்தில் போய்க் காகிதத்தை வெட்டிக்கொண்டிருக்கிறாளே என்று உன்னிடமும் யாராவது சொல்வார்கள். அப்போது இது உனக்கு ஞாபகம் வர வேண்டும்.

அதற்கப்புறம் லோட்டேவுக்கு நிம்மதியான வாழ்க்கை அமையவில்லை. ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியில் இருக்க மனமில்லாமல் அவரும் கணவரும் வெளியேறினார்கள். எந்த நாடும் நிரந்தர விசா தரவில்லை. விசா முடிய முடிய நாடு மாறினார்கள். போருக்கு நடுவில், உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள பெர்லினுக்கே திரும்ப வேண்டி வந்தது. 1949இல் லண்டன் போனார். அங்கே, பரண் கொடுத்தாரே அந்த ஹாகன், அவருடைய மகனே சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தில் தொலைக்காட்சிக்காகத் தேவதைக் கதைகளை வரிசையாக எடுத்தார். 1963இல் கணவர் இறந்துபோனார். பல வருஷம் கத்தரியைத் தொடாமல் இருந்துவிட்டு, எழுபது வயதுக்கு மேல் கனடாவுக்குப் போய் மறுபடியும் படம் எடுத்தார். 1981இல் இறந்தார்.

இன்னும் இரண்டு பேரைச் சொல்கிறேன், சுருக்கமாக. வின்சர் மெக்கே 1914இல் கெர்ட்டி என்ற டைனோசரை வரைந்தபோது, அது எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மூச்சு விட வேண்டும் என்று தெரியாமல், தன் மூச்சையே கணக்குப் பார்த்து வரைந்தார். ரஷ்யாவில் யூரி நோர்ஷ்டெய்ன் 1975இல் மூடுபனிக்குள் போகிற முள்ளெலியைப் பற்றிப் பத்து நிமிடப் படம் எடுத்தார். அந்தப் பனி வெறும் மெல்லிய தாள். காட்சியின் மேல் அதைப் பரப்பி, ஃபிரேமுக்கு ஃபிரேம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமராவை நோக்கி உயர்த்தினார். முள்ளெலி பனிக்குள் கரைந்துவிட்டது. டிரேசிங் பேப்பர் உன் ஜியோமெட்ரி நோட்டிலேயே இருக்கும்.

லேப்டாப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பா சேர்த்துக்கொண்டிருக்கிறான், வந்ததும் நல்லபடியாகக் கற்றுக்கொள். நாங்கள் ஒரு நாள் முழுக்கப் போட்ட இன்-பிட்வீனை அது ஒரு நொடியில் போட்டுவிடும். ஆனால் கோழி மூன்றாவது விநாடியில் நிற்க வேண்டும் என்று நீதான் முடிவு செய்தாய். புறவாசல் படியில் உட்கார்ந்து கோழியை நீ பார்த்த நேரமெல்லாம் அந்த ஒரு நிறுத்தத்தில் இருக்கிறது. நிஜ அனிமேஷன் எப்போது என்று கேட்கிறாயே, அதைத்தான் நீ செய்திருக்கிறாய்.

இனி திருத்த வேண்டியவை. ஜன்னலில் ஒட்டியதால் மேகம் வரும்போதெல்லாம் வெளிச்சம் மங்கி மங்கித் துடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் பிய்த்து ஒட்டுவதில் கோழியும் குலுங்குகிறது. ஜன்னலை விட்டுவிடு. இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் கண்ணாடியைப் படுக்க வைத்து, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து, கீழே ஒரு பல்பு போடு. போனை மேலே அசையாமல் கட்டு. ராத்திரி எடு. காகிதம் ஓரத்தில் சுருண்டு எழும்பினால் ஒரு ரூபாய் நாணயத்தை மேலேயே டேப் போட்டு ஒட்டு. வெளிச்சம் கீழிருந்து வருவதால் அதுவும் கறுப்பாகத்தான் தெரியும். உருவத்தின் ஓரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள், போதும்.

அப்புறம் கழுத்து. உன் கோழிக்குக் கழுத்து ஒரே துண்டு. அதனால் நடக்கும்போது தலையும் உடம்பும் சேர்ந்தே நகர்கிறது. நிஜக் கோழி அப்படி நடக்காது. உடம்பு முன்னால் போகும், தலை அதே இடத்தில் நிற்கும், அப்புறம் தலை மட்டும் வெடுக்கென்று முன்னால் வரும். நாளைக்குக் காலையில் ஆச்சி அரிசி போடும்போது பார். கழுத்தை இரண்டு துண்டாக வெட்டி நூலால் முடிச்சுப் போடு. உடம்பு நகர்கிற நான்கு ஃபிரேமுக்குத் தலையைத் தொடாதே. தலை எங்கே இருந்தது என்று பட்டர் பேப்பரில் பென்சிலால் மெல்லியதாக ஒரு புள்ளி வைத்துக்கொள்.

லோட்டே 1922இல் எடுத்த சிண்ட்ரெல்லாவை முதலில் பார். அஹ்மத் அப்புறம். சிண்ட்ரெல்லா சின்னப் படம், தொடக்கத்திலேயே கத்தரி வந்து அவளை வெட்டி எடுக்கிறது. அப்பா போனில் பார்க்காதே, டிவியில் போடச் சொல்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். என் பழைய லைட் பாக்ஸ் பரணில் கிடந்தது, துடைத்து வைத்திருக்கிறேன். டியூப் மாற்றியாகிவிட்டது. வலது ஓரத்தில் கண்ணாடி கீறி டேப் ஒட்டியிருக்கும், அந்தப் பக்கம் கையை ஊன்றாதே. நான் வருவதற்குள் கோழிக்குப் புதுக் கழுத்து வெட்டி வை. தலையை மட்டும் என் வருகைக்கு விட்டு வை, சேர்ந்து நகர்த்தலாம்.

அன்புடன்,
அத்தை