வெள்ளிக்கிழமை டோனட் கடைக்கு யார் வருகிறீர்கள்?

அனைவருக்கும் வணக்கம். வரும் வெள்ளி காலை இல்லினாயில் பல டங்கின் டோனட் கடைகளின் கூரைமேல் போலீஸார் ஏறி நிற்பார்கள். பயப்பட வேண்டாம், திருடனைத் தேடி அல்ல. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வீரர்களுக்கு நிதி திரட்டத்தான்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான அந்தப் போட்டி 1968 ஜூலையில் முதன்முதலில் நடந்ததே நம் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில்தான். போலீஸார் கைகோத்தது அப்புறம். 1981இல் கான்சாஸின் விச்சிட்டா நகரக் காவல்துறைத் தலைவர் ரிச்சர்ட் லாமுன்யன், போலீஸார் சுடர் ஏந்தி ஓடி இதற்கு நிதி திரட்டும் சுடர் ஓட்டத்தைத் தொடங்கினார். இந்தக் கூரை வேலையெல்லாம் அதன் கிளைதான்.

மேலே அவர்கள், கீழே உண்டியலோடு நாம். ஆறு பேர் தேவை: காலை 5 முதல் 8 வரை மூன்று பேர், அதன்பின் 11 வரை மூன்று பேர். காரில் இருந்தபடியே வாங்கும் டிரைவ்-த்ரூ பக்கம் சுறுசுறுப்பான ஆள் வேண்டும், காசு அதிகம் விழுவது அங்கேதான். போன தடவை நான் அங்கே நின்று கை விறைத்துப்போனேன், மே மாதம் என்று ஏமாறாதீர்கள். ஸ்வெட்டர் அவசியம்.

குழுவில் தனியாகப் பணம் வசூலிக்கவில்லை. நேரில் வந்து போடுங்கள், ஒரு டோனட் இலவசம். வருபவர்கள் புதன் இரவுக்குள் பெயரையும் நேரத்தையும் இங்கேயே பதியுங்கள்.