பதக்கத்துக்கு வேண்டாம், பஸ் கட்டணத்துக்குப் போகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாழ்நாள் முழுவதும் ஊதியம் வாங்காமல் ஊர்ப்பணி செய்து மறைந்த ஒருவரின் பெயரில் அறக்கட்டளை தொடங்கப்படும் செய்தியைத் தங்கள் இதழில் படித்தேன். நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியல் நீளமாக இருந்தது, மகிழ்ச்சி. அந்தப் பணத்தைக் கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்ற பத்திக்கு வந்தபோதுதான் இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியது. ஆண்டுதோறும் ஒரு விழா, ஒரு நினைவுச் சொற்பொழிவு, முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவருக்குத் தங்கப் பதக்கம். இந்த மூன்றில் எதிலாவது அந்த மனிதர் இருக்கிறாரா?

அவர் செய்தவை என்னவென்று அதே செய்தியில் இருக்கிறது. இரத்தம் தேவை என்று நள்ளிரவில் அழைத்தாலும் ஆள் தேடிக் கொடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, அலுவலகம் வரை கூடவே போனவர். பொதுக் கூட்டங்களில் கடைசி ஆள் எழுந்து போகும்வரை உட்கார்ந்திருந்து, தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டுப் பதில் வாங்கியவர். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையைப் பாராட்ட ஏற்கெனவே ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. அடுத்த விண்ணப்பத்தை யார் நிரப்பிக் கொடுப்பார்கள் என்பதற்குத்தான் பதில் இல்லை.

தொண்டு செய்பவர் தன் நேரத்தைத் தருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடவே அவர் கைக்காசும் கரைவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பஸ் கட்டணம், நகல் எடுக்கும் செலவு, தொலைபேசிக் கட்டணம், கூட்டம் நடத்த ஓர் அறையின் வாடகை, பணியின்போது அடிபட்டால் மருத்துவச் செலவு. வசதியுள்ளவர் இதைப் பொருட்படுத்த மாட்டார். தினக்கூலிக்குப் போகும் இளைஞன் நான்கு முறை வருவான். ஐந்தாவது முறை வேறு வேலை இருக்கிறது என்பான். அவனைக் குறை சொல்ல முடியுமா? அறக்கட்டளையின் வட்டி இந்தச் சில்லறைச் செலவுகளுக்குப் போனால், அந்தப் பெரியவர் விட்ட இடத்திலிருந்து நாலு பேராவது தொடர்வார்கள். இதற்கெல்லாம் புகைப்படம் எடுக்க முடியாது என்பது உண்மைதான்.

பதக்கத்தைப் பற்றி நான் இவ்வளவு கடுமையாகச் சொல்லக் காரணம் உண்டு. இதுபோன்ற ஒரு நினைவு நிதியின் குழுவில் நானும் இருந்திருக்கிறேன். தொடங்கிய புதிதில் தங்கப் பதக்கம் கொடுத்தோம். பிறகு வட்டி போதாமல் வெள்ளியானது, அடுத்துத் தங்க முலாம், கடைசியில் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். பத்திரத்தில் ‘பதக்கம்’ என்று எழுதியிருப்பதால் அந்தச் சான்றிதழில் ஒரு பதக்கத்தின் படத்தை அச்சடித்தார்கள்! விழாச் செலவு மட்டும் ஒரு வருடமும் குறையவில்லை.

இதில் யாருடைய நேர்மைக் குறைவும் இல்லை, வெறும் கணக்குதான். மூலதனம் நூறு என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7, விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது. அந்த 7ஐயும் செலவழித்துவிட்டால், நூறு ஏட்டில் நூறாகவே நிற்கும். சுமார் 14 ஆண்டுகளில் அது வாங்கும் பொருள் பாதியாகிவிடும். நிதி என்றென்றும் நிலைக்க வேண்டுமானால் ஐந்தை மூலதனத்தோடு சேர்த்துவிட்டு இரண்டைத்தான் தொட வேண்டும். நன்கொடையாளர்களிடம் இதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது. கசப்பாக இருக்கும், பரவாயில்லை.

அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் விட்டுச்சென்ற நிதியின் கதை இங்கே பொருந்தும். பிலடெல்பியாவில் 1731இல் சந்தா நூலகம், 1736இல் தன்னார்வத் தீயணைப்புக் குழு என்று ஊருக்காக அலைந்தவர் அவர். மக்களாட்சியில் பதவிக்குச் சம்பளம் கூடாது என்ற கொள்கை உள்ளவர். பென்சில்வேனியாவின் தலைமைப் பொறுப்புக்காகத் தமக்கு வந்த சம்பளத்திலிருந்து பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு எழுதி வைத்துவிட்டு 1790இல் மறைந்தார். சிலை வைக்கச் சொல்லவில்லை. இளம் கைவினைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்கக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கச் சொன்னார். இளமையில் இரண்டு நண்பர்கள் கொடுத்த கடனில்தான் தம் அச்சுக்கூடம் நின்றது என்பதை அவர் மறக்கவில்லை. தமக்குக் கிடைத்த உதவியையே அடுத்தவருக்கும் கிடைக்கும்படி செய்தார்.

ஆனால் நிபந்தனைகளை இறுக்கிவிட்டார். வயது 25க்குள் இருக்க வேண்டும், திருமணமாகியிருக்க வேண்டும், ஓர் ஆசானிடம் முறைப்படி தொழில் பழகியிருக்க வேண்டும், இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். தொழிற்சாலைகள் பெருகிக் குருவிடம் தொழில் பழகும் முறை தேய்ந்தபோது கடன் கேட்க ஆளில்லாமல் போயிற்று. நூறாண்டுக்குப் பிறகு ஒரு பகுதியைப் பொதுப்பணிகளுக்குச் செலவிடலாம் என்று அவரே எழுதியிருந்ததால் பாஸ்டனில் அந்தப் பணத்தின் உதவியோடு ஒரு தொழிற்கல்வி நிலையம் எழுந்தது. இருநூறாண்டுக் கெடு முடிந்த 1990இல் பாஸ்டனின் நிதி 50 லட்சம் டாலரை ஒட்டி நின்றது. பிலடெல்பியாவின் நிதி சுமார் 20 லட்சம் டாலர்தான். நன்கொடை ஒன்று, நிபந்தனை ஒன்று. நிர்வகித்த கைகள்தான் வேறு.

பிராங்க்ளினுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1794இல் மறைந்தவர் சென்னையின் பச்சையப்ப முதலியார். அவர் எழுதி வைத்தது கோயில் தருமங்களுக்கு. சொத்து பல்லாண்டு வழக்கில் கிடந்து, பிறகு நீதிமன்றம் திட்டம் வகுத்து, உயிலில் சொன்ன தருமங்கள் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பியது. 1842இல் பள்ளி தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றுள்ள பச்சையப்பன் கல்லூரி. ஒரு நீதிமன்றம் தலையிட்டு இதைச் செய்ய அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. பத்திரத்திலேயே ‘இந்த நோக்கம் காலத்துக்குப் பொருந்தாமல் போனால், அறங்காவலர்கள் அதற்கு நெருக்கமான வேறு நோக்கத்துக்குச் செலவிடலாம்’ என்று ஒரு வரி எழுதி வைத்தால், பின்னால் வருபவர்கள் அவ்வளவு காலம் படியேற வேண்டியிராது.

எனவே, பத்திரம் இன்னும் பதிவாகவில்லை என்றால், நிறுவுபவர்களிடம் தங்கள் இதழ் மூலமாக என் வேண்டுகோள் இதுதான். நோக்கம் என்ற இடத்தில் பதக்கத்தின் எடையையும் விழா நடக்கும் தேதியையும் எழுதாதீர்கள். ‘ஊதியமின்றிப் பொதுப்பணி செய்பவர்களுக்குத் துணைநிற்க’ என்று எழுதுங்கள். அவரோடு அலைந்தவர்களில் இரண்டு பேரையாவது அறங்காவலர்களாக வையுங்கள். இப்போதைய அறங்காவலர் பட்டியலில் பணம் கொடுத்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். அவர் விட்டுச்சென்ற இரத்தக் கொடையாளர் பெயர்கள் அடங்கிய நோட்டுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று செய்தியில் இல்லை. அதைத் தேடியெடுத்து, எண்களைச் சரிபார்த்துப் புதுப்பிக்க ஒருவரை அமர்த்துவதையே முதல் ஆண்டின் செலவாக வைத்துக்கொள்ளலாம்.

தங்களுக்கும் ஒரு வேலை உண்டு, ஆசிரியர் அவர்களே. தொடக்கச் செய்திக்கு அரைப் பக்கம் ஒதுக்கினீர்கள். அடுத்த ஆண்டு இதே மாதத்தில் அந்த அறக்கட்டளையின் வரவுசெலவைக் கேட்டு வாங்கி, கால் பக்கமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்