சான்டோரினியில் தக்காளி ஆலையும் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, கிரேக்கத் தீவான சான்டோரினி பற்றிய பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஒரு வரி உறுத்துகிறது. ‘சுற்றுலா வரும்வரை மீன்பிடியைத் தவிர வேறு பிழைப்பே இல்லாத வறண்ட எரிமலைத் தீவு’ என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். வறண்ட தீவு என்பது சரி. பிழைப்பில்லாத தீவு என்பது சரியில்லை. ஈயா ஊரில் சூரியன் மறைவதற்கு மூன்று பக்கம் ஒதுக்கியவர், அதே தீவின் தென்கரையில் விலிஹாதா கடற்கரையோரம் நிற்கும் ஆலைக்கு மூன்று வரியாவது கொடுத்திருக்கலாம்.

அது நோமிகோஸ் குடும்பத்தாரின் தக்காளி விழுது ஆலை. 1945-இல் கட்டப்பட்டு 1981 வரை ஓடியது. 2014-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இது ஒன்றுதான் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தீவில் இப்படிப் பல ஆலைகள் ஓடின. விமான நிலையத்தை ஒட்டிய மொனோலிதோஸ் கடற்கரையில் ஒரு பழைய தக்காளி ஆலையின் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. கட்டுரையாளர் விமானத்தில் போயிருந்தால் அதைக் கடந்துதான் ஊருக்குள் போயிருப்பார்.

ஆறு இல்லாத, மழையும் குறைவான தீவில் தக்காளி எப்படி விளைந்தது? தண்ணீரே பாய்ச்சாமல்தான். எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த மண், இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செடி அதிலேயே பிழைக்கும். காய்ப்பு குறைவு, பழமும் சிறியது. தோல் தடிமன், நீர் கம்மி, இனிப்பும் புளிப்பும் தூக்கல். இந்தக் குட்டித் தக்காளிக்கு இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் பூர்விகப் பெயர்ப் பாதுகாப்பும் (நம் ஊர் புவிசார் குறியீடு மாதிரி) இருக்கிறது.

உணவு பதப்படுத்தும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தப் பழத்தின் அருமை சட்டென்று பிடிபடும். விழுது தயாரிப்பது என்றால் பெரும்பாலும் தண்ணீரை வெளியேற்றும் வேலைதான். சாதாரணத் தக்காளியில் ஒரு கிலோ கெட்டி விழுது எடுக்க ஐந்தாறு கிலோ பழம் போய்விடும். பழத்திலேயே நீர் குறைவு என்றால் கொதிகலனுக்குப் போடும் எரிபொருளும் குறைவு. விறகுக்கே வழியில்லாத தீவில் அது பெரிய மிச்சம்.

ஆலைகள் கடலோரத்தில் நின்றதற்கும் காரணம் உண்டு. நல்ல தண்ணீர் கிடையாது என்பதால் பழத்தைக் கழுவக் கடல்நீரைத்தான் பயன்படுத்தினார்கள். டப்பாக்களைக் கப்பலுக்கு ஏற்றவும் அதுவே வசதி. கழுவிய பழத்தை நசுக்கி, தோலும் விதையும் சல்லடையில் நிற்க, சாற்றை மூடிய கொப்பரைக்கு அனுப்புவார்கள். அதனுள்ளிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தால், அறுபது எழுபது டிகிரியிலேயே சாறு கொதிக்கும், நிறமும் மணமும் கருகாது. இந்த வகைக் கொப்பரைகளின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கும். கொதிப்பின் குமிழ் பெருத்து மெதுவாக உடைவதை அதன் வழியே பார்த்தே விழுது பதத்துக்கு வந்ததா என்று சொல்லிவிடும் ஆட்களை எனக்குத் தெரியும். மீட்டரெல்லாம் அவர்களுக்கு அப்புறம்தான்.

ஆலைக்குள் வேலை செய்தவர்களில் பெண்கள் கணிசம். பழம் பொறுக்குவது, டப்பா நிரப்புவது எல்லாம் அவர்கள் கைவேலை. தக்காளிப் புளிப்பு நாள் முழுக்க விரலிடுக்கில் ஊறினால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். விலிஹாதா அருங்காட்சியகத்தில் இயந்திரங்கள், டப்பா செய்யும் கருவிகள், பழைய லேபிள்கள் ஆகியவற்றோடு, அங்கு வேலை பார்த்த முதியவர்கள் பேசும் ஒளிப்பதிவும் உண்டு. நான் அதிக நேரம் நின்றது அந்தத் திரைக்கு முன்னால்தான்.

தொழில் ஏன் படுத்தது? 1956 ஜூலை 9-ஆம் தேதி வந்த பெரும் நிலநடுக்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீடுகள் இடிந்தன, பலர் தீவைவிட்டே போனார்கள். அப்புறம் சுற்றுலா வந்தது. வெயிலில் குனிந்து குட்டித் தக்காளி பறிப்பதைவிட அறை வாடகைக்கு விடுவது லாபம். பாசன வசதியுள்ள கிரேக்கப் பெருநிலப் பகுதியில் தக்காளி மலிவாகக் கிடைக்க, விழுதுத் தொழிலும் அங்கேயே போய்விட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: ஆலைக் கட்டடத்தைக் காப்பாற்றியவர்களால் தக்காளி வயலைக் காப்பாற்ற முடியவில்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிடலாம். விடுதி எழும்பிவிட்ட வயலை என்ன செய்வது? தொழில்துறை மரபு என்று பேசும்போது புகைபோக்கியோடு நின்றுவிடுகிறோம் என்பது என் வருத்தம்.

இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் பிடித்தது ஏஜியன் கடலின் வடகிழக்கில் உள்ள லெஸ்வோஸ் தீவு. நம் ஊர்ச் செய்திகளில் அந்தப் பெயர் அடிபட்டதெல்லாம் 2015-இல் அகதிகள் படகில் வந்து இறங்கியபோதுதான். அது ஆலிவ் தீவு. 1850-இல் கடும் பனியில் ஆலிவ் மரங்கள் பெருமளவில் பட்டுப்போக, மக்கள் மறுபடி நட்டார்கள். அவை முழுக் காய்ப்புக்கு வந்த காலமும் நீராவி இயந்திரம் வந்த காலமும் ஒன்றாக அமைந்தன. ஊருக்கு ஊர் எண்ணெய் ஆட்டும் ஆலைகளும், கூடவே அந்த எண்ணெயில் சோப்பு செய்யும் ஆலைகளும் எழுந்தன. 1979-இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஒதிசேயஸ் எலிட்டிஸின் முன்னோர் இந்தத் தீவுக்காரர்கள். அவருடைய அப்பா கிரீட் தீவில் சோப்பு ஆலை நடத்தினார்.

லெஸ்வோஸில் அயியா பரஸ்கெவி என்றொரு ஊர். தனியார் ஆலை முதலாளிகளை நம்பியிருக்க முடியாது என்று ஊரே சேர்ந்து 1910-11-இல் சொந்தமாக ஒரு நீராவி ஆலையைக் கட்டியது. அப்போது தீவு உதுமானிய (துருக்கிய) ஆட்சியின் கீழ் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு குடும்பமும் தன் ஆலிவைத் தன் அறையில் கொட்டி வைத்து, முறை வரும்வரை காத்திருக்கும். உன் காய் என் காயோடு கலந்துவிட்டது என்ற சண்டைக்கே இடமில்லை. கிடைத்த லாபம் ஊர்ப் பொதுக் காரியங்களுக்குப் போனது. 1967 வரை ஓடிய அந்த ஆலை 2006-இலிருந்து ஆலிவ் எண்ணெய்த் தொழில் அருங்காட்சியகம்.

சான்டோரினி ஆலை ஒரு குடும்பத்தின் கதை. இது ஓர் ஊரின் கணக்குப் புத்தகம். இரண்டில் ஒன்றுக்குத்தான் இதழில் இடம் என்றால், லெஸ்வோஸுக்கே கொடுங்கள். பயணக் கட்டுரையாளரையே அனுப்பலாம், நன்றாக எழுதுகிறார். ஆலிவ் அறுவடை குளிர்காலத்தில் நடக்கும். அப்போது போனால் இன்றைய ஆலைகள் ஓடுவதையும் பார்த்துவிட்டு வரலாம்.

விலிஹாதா போக நினைக்கும் வாசகர்களுக்கு: குளிர்காலத்தில் சான்டோரினியில் பாதிக் கடைகள் மூடிக் கிடக்கும், அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைப் பணியாளர்,
ஈரோடு.