உயர்கூரை கேம்பர்வேனுக்கு எந்த ஆனிங் பொருந்தும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் கேம்பர்வேன் (படுத்துறங்கும் வசதி கொண்ட வேன்) விடுமுறை பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையில், கூடார ஆனிங்கை (வேனின் பக்கவாட்டில் இணைக்கும் துணிக் கூடாரத்தை) எந்த வேனிலும் மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. உயர்கூரை வேன் வைத்திருப்பவர்கள் அதை நம்பிக் கடைக்குப் போனால் பணம்தான் வீணாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

வேனின் மொத்த உயரத்தை விட, ஆனிங் வந்து பொருந்தும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். சாதாரண ஃபோக்ஸ்வாகன் டி5 வேன் ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். ஃபியட் டுகாட்டோவின் நடுத்தர உயரக் கூரையே 2.5 மீட்டரைத் தொடுகிறது. தாழ்ந்த வேனுக்கென்று தைத்த ஆனிங்கை டுகாட்டோவின் கூரையோரத்தில் மாட்டினால், வேனையும் கூடாரத்தையும் இணைக்கும் நடைபாதைத் துணி மேலே இழுபட்டு, அதன் பக்கவாட்டுத் துணி தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். காற்று அடியில் புகும், மழைநீரோ கூடாரத்தின் பக்கம் சரிந்து, இணையும் இடத்தில் குளம்போலத் தேங்கும். உயரமான ஆனிங்கைத் தாழ்ந்த வேனில் மாட்டினாலும் துணி தொய்ந்து தண்ணீர் கட்டத்தான் செய்யும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபோக்ஸ்வாகன் டி25 போன்ற பழைய வேன்களில், இரும்பு உடலும் ஃபைபர் கிளாஸ் கூரையும் சேரும் இடத்தில் மழைநீர் வடியும் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனிங்கை அந்த விளிம்பில் கவ்விகளால் பிடித்துவிடலாம். அது 2 மீட்டருக்கும் கீழே இருப்பதால், கூரை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அத்தகைய வேனுக்குத் தாழ்ந்த ரக ஆனிங்தான் சரி. கடைக்காரரிடம் 'உயர்கூரை வேன்' என்று மட்டும் சொன்னால் இந்த வேறுபாடு அவருக்கு எப்படித் தெரியும்?

விளிம்பில்லாத வேன்களில் பக்கவாட்டில் ஓர் அலுமினியத் தண்டவாளம் வேண்டும். ஆனிங் துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் உருண்டை நாடா ஒரு பக்கமும் தண்டவாளத்தில் ஓடும் நாடா மறுபக்கமுமாக, எட்டு வடிவப் பட்டை ஒன்று இரண்டையும் இணைக்கிறது. நாடாவின் தடிமன் 4 மில்லிமீட்டரா 6 மில்லிமீட்டரா என்று பார்த்தே பட்டையை வாங்க வேண்டும்; 4 மில்லிமீட்டர் நாடா பட்டையின் பெரிய பள்ளத்தில் நில்லாமல் முதல் காற்றிலேயே கழன்று வந்துவிடும். இரண்டரை மீட்டர் உயரத்தில் நாடாவைக் கோக்க ஏணியும், ஒருவர் ஊட்ட மற்றவர் இழுக்க இரண்டு பேரும் தேவை.

பெட்டிக்குள் சுருண்டிருக்கும் துணியைக் கைப்பிடியைச் சுழற்றிப் பந்தல்போல விரிக்கும் பெட்டி ஆனிங்கைப் பொறுத்தவரை, டுகாட்டோவின் கூரையில் துளையிடாமலேயே பிடிக்கும் தாங்கிகள் கிடைக்கின்றன. ஃபைபர் கிளாஸ் கூரை அப்படியல்ல. வெறும் திருகாணி அதில் நிற்காது. உட்பக்கம் உலோகத் தகடு வைத்து, போல்ட்டை ஊடுருவிப் பூட்டி, துளையைச் சுற்றி நீர் புகாத பசை இட வேண்டும். உயரத்தில் விரியும் துணி சறுக்குக் கதவில் உரசாது என்பது நன்மைதான். ஆனால் மாலை வெயிலும் சாய்வாக அடிக்கும் மழையும் அதன் அடியில் எளிதாக நுழைந்துவிடும் என்பதையும், காற்று வலுத்தால் உடனே சுருட்டிவிட வேண்டும் என்பதையும் விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இங்குள்ள முகாம் தளங்கள் பலவற்றில், தீ பரவாமல் இருக்க இரு வாகனங்களுக்கிடையே 6 மீட்டரும், ஆனிங்குகளைக் கழித்து இடையில் 3 மீட்டர் வெற்றிடமும் விடச் சொல்கிறார்கள். ஆகவே ஆனிங்கின் ஆழத்தையும் முன்கூட்டியே அளந்துகொள்வது நல்லது.

அடுத்த இணைப்பில் இந்த அளவுகளை ஒரு படத்துடன் வெளியிட்டால், ஆனிங் வாங்கும் எண்ணத்தில் இருக்கும் வாசகர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், இங்கிலாந்து